செத்தவீட்டுக் கமெரா ஒன்றுகூடலுக்குப் போன கதை

குஞ்சித்தம்பி செத்துப்போனார் என்ற செய்தி எனக்குக் கனடாவில் இருந்து வந்தது. அவர் இருப்பது சாம்பல்தீவுக் கடற்கரையோரம், நான் இருப்பது திருகோணமலை நகரத்தில். இரண்டுக்கும் இடையில் ஒரு பஸ் ஓட்டம்தான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி நேர்வழியில் நடப்பதில்லை. அது முதலில் ரொறன்ரோவுக்குப் போய், அங்கே அழவேண்டியவர்கள் அழுது, சுவிஸுக்குத் தாவி, லண்டனில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு, பிறகுதான் பக்கத்து ஒழுங்கைக்குத் திரும்பி வரும்.

சொன்னவன் என்னோடு படித்தவன். ஆள் போய்விட்டார் என்றும், லைவில் தானே பார்த்ததாகவும், நித்திரையில் போனமாதிரிக் கிடந்தார், நல்ல சாவு என்றும் சொன்னான். கண்ணால் கண்டவன் சொன்னால் மறுக்க ஏலுமா? கடல்களைத் தாண்டி இருந்து கண்டாலும் கண் கண்தானே.

வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அடுத்தநாள் காலை பஸ் ஏறினேன். செத்தவீட்டுக்குப் போகும்போது முகத்தை எந்த இடத்தில் மாற்றுவது என்பது ஒரு கலை. சந்தியிலேயே மாற்றினால் ஒழுங்கை முடியும்வரை தாங்காது. படலையில் மாற்றினால் உள்ளே இருப்பவர்களுக்குப் பிடிபட்டுவிடும். நான் வேலி மூலையில் மாற்றிக்கொண்டு படலையைத் திறந்தேன்.

செத்தவர் முற்றத்தில் குந்தியிருந்தார். தன் வள்ளத்து எஞ்சினைத் தனக்காக அடித்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் இளைஞர் கழகம் அடித்த பதாகை அது. நடுவில் அவருடைய படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே அவருடைய பிரிவால் துயருறுவோரின் பெயர்கள். எங்கள் ஊரில் ஒரு வீதி விளக்குக்கு மனுக் கொடுத்தால் அது எரிவதற்குள் கொடுத்தவர் கிழவராகிவிடுவார். பதாகைக்கு ஒரு இரவு காணும்.

"நல்ல சாமான் தம்பி," என்றார் குஞ்சித்தம்பி. "மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ளுக்கு இறங்காது. இதில பேர் போட்டவங்களில அரைவாசிப் பேர் என்னோட கதைபேச்சு இல்லை. நான் போனாப்பிறகு எவ்வளவு ஒற்றுமை எண்டு பாத்தியோ?"

என் சேர்ட்டை மேலும் கீழும் பார்த்தார். நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று விளங்கிவிட்டது. இருக்கச் சொன்னார். மருமகள் விடிந்ததில் இருந்து பிளேன்டீ போட்டபடி இருக்கிறாளாம். வருகிறவர்கள் எல்லாம் அவரைக் கண்டதும் ஏமாந்து நிற்கிறார்களாம், பாவம், வெறும் வாயோடு அனுப்ப ஏலாதுதானே.

செத்தவீட்டில் அடுப்பு எரிப்பதில்லை. அந்த வீட்டு அடுப்பு அன்று அணையவே இல்லை. வதந்தி பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று கேட்டேன். நாடியை நீட்டிப் பக்கத்து வளவு வீட்டைக் காட்டினார்.

"ரூபியட்டைக் கேள். என்னைச் சாக்காட்டினவள் அவள்தான். ஆனா சத்தம் போட்டுக் கதைச்சிடாத. பாவம் அவள், இன்னும் சாப்பிடேல்ல."

ஜெயரூபிக்கு நாற்பது வயது நடக்கிறது. கணவர் ஆழ்கடல் படகில் போகிறவர், கரையில் இருப்பதைவிடக் கடலில் இருப்பது அதிகம். கலியாணத்துக்கு முன் நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தாள். பாஸ்போட் படத்துக்கு வருகிறவர்களின் தலைமயிரை ஒதுக்கிக் காதைத் தெரியவைப்பது அவள் வேலை. அப்போது அவள் காதைத் திருத்தி அனுப்பியவர்கள்தான் இன்று வெளிநாடுகளில் இருந்து அவளுடைய நேரலையைப் பார்க்கிறார்கள்.

தொற்றுநோய்க் காலத்தில் தெருக்கள் அடைத்துக் கிடந்தபோது அவளுடைய அப்பா போனார். அண்ணன் பிரான்சில். ஊரே வரமுடியாத செத்தவீடு அது. முற்றத்துப் பப்பாசி மரத்தில் போனை வைத்து, அப்பாவின் சாரத்தில் கிழித்த துண்டால் இறுக்கிக் கட்டினாள். அண்ணன் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்து அழுதார். அவரோடு சேர்ந்து, வரமுடியாத வேறு பலரும் பார்த்தார்கள். அடுத்த கிழமை இன்னொரு செத்தவீட்டில் இருந்து ஆள் வந்தது. தெருக்கள் திறந்த பிறகும் வந்தது. போன் கமெராவாகியது, பப்பாசி மரம் மூன்று கால் ஸ்டாண்ட் ஆகியது, முகநூலில் 'ரூபி நேரலை' என்று ஒரு பக்கம் முளைத்தது. இன்று கடல்கடந்த எங்கள் சனம் விடிய எழுந்து பல் தீட்டுவதற்கு முன் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான், இன்றைக்கு ஆர் போனது என்று.

செத்தவீட்டைக் காட்டுவதில் அவளுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. வாய்க்கரிசி போடும் நேரம் வந்ததும் கமெராவை மெல்ல விளக்குப் பக்கம் திருப்பிவிடுவாள். ஆர் முதலில் போடுவது என்ற சண்டை தொடங்குகிற இடம் அதுதான். அதைவிட முக்கியமானது நீலக் கயிறு. வலைக்குப் பாவிக்கிற நைலோன் கயிறு. கமெராவை நட்டதும் அந்தக் கயிற்றை முற்றத்தில் நீட்டிப் போடுவாள். இந்தப் பக்கம் நின்றால் படத்தில் விழும், அந்தப் பக்கம் நின்றால் விழாது. அவ்வளவுதான். ஆரும் ஆரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. கதைபேச்சு இல்லாத மச்சான், வரக்கூடாது என்று சொல்லப்பட்ட பழைய மருமகள், சுகமில்லை என்று வேலைக்கு லீவு சொன்னவர், எல்லாரும் அந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டுப் போகலாம். எங்கள் ஊரில் ஒரு செத்தவீட்டின் உண்மையான துக்கம் பெரும்பாலும் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும்.

இப்படி ஒருத்தி இருந்தால் ஊர் கொண்டாடும் என்று நினைப்பீர்கள். ஊர் அவளுக்கு ஒரு பெயர்தான் வைத்தது: செத்தவீட்டுக் கமெரா. பிறந்தநாள் வீட்டுக்கோ, சாமத்தியவீட்டுக்கோ, கலியாண வீட்டுக்கோ அவளை ஒருவரும் கேட்பதில்லை. நகரத்தில் இருந்து வேறு ஆட்களைக் கூப்பிடுவார்கள். ரூபி வந்தால் சாப்பாட்டுப் பந்தியில் இடம் உண்டு, கமெராவுக்கு இடமில்லை.

அவளுடைய அக்கா ஜெயவதியின் மகள் டிலக்சனாவுக்கு ஆவணியில் கலியாணம். ரூபி தூக்கி வளர்த்த பிள்ளை. கமெராப் பையில் சாம்பிராணி மணம் ஊறிப்போய்விட்டது என்று அதை மூலையில் போட்டு, கலியாணத்துக்காகவே புதுப் பை ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அக்காவுக்கு அது தெரியாது. தெரியாமல் ஒருநாள் சொன்னாள்:

"நீ வா, சாப்பிடு, தாலிகட்டேக்க முன்னுக்கு நில். அந்த மூண்டு கால் சாமானை மட்டும் கொண்டுவராத. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருமாதிரி நினைப்பினம்."

ரூபி ஓம் என்றாள். புதுப் பையை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் ஊர் ஒன்றுகூடல் வந்தது. அந்தக் கரையோரக் குறிச்சியில் இருப்பவர்களும் அங்கிருந்து போனவர்களும் ஆண்டுக்கு ஒருக்கா சனசமூக நிலையத்து முற்றத்தில் கூடி, பேசி, சாப்பிட்டு, சின்னதாக ஒரு மனக்கசப்போடு பிரிகிற நாள். தலைவர் பிரகலாதன், கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த முறை வெளிநாட்டு உறவுகளும் பார்க்கும்படி நேரலையாகக் காட்டவேண்டும் என்று அவருக்கு எண்ணம் வந்தது. ஊரில் நேரலை தெரிந்தவள் ஒருத்திதான். கேட்டார். ரூபிக்கு முதல்முறையாக, படத்தின் நடுவில் ஆரும் படுத்திருக்காத ஒரு வேலை கிடைத்தது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் அக்காவின் வாயில் இருந்து வேறு சொல் வரும் என்று அவள் கணக்குப் போட்டாள். அவள் என்னிடம் சொன்ன சொல்: "ஒருக்கா உயிரோட சிரிக்கிற ஆக்களைக் காட்டியிட்டா, கமெராவின்ர தோஷம் போயிடும் எண்டு நினைச்சன்."

அதனால் வழக்கத்தைவிடக் கவனமாகத் திட்டம் போட்டாள். சனசமூக நிலையத்துக்குள் சிக்னல் கிடையாது. சுற்றிச் சுற்றி நடந்து பார்த்ததில், பக்கத்து வளவில் குஞ்சித்தம்பியின் முற்றத்தில்தான் நன்றாக இழுத்தது. அங்கே ரவுட்டரை வைத்து வேலிக்கு மேலால் வயரை எடுக்கலாம். சரியாக ஓடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவோம் என்று ஒரு மத்தியானம் கமெராவோடு அவருடைய முற்றத்துக்குப் போனாள்.

குஞ்சித்தம்பி மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் நித்திரை. நெஞ்சில் ஒரு வெள்ளைத் துவாய். கை இரண்டும் அதன்மேல். எழுப்புவானேன் என்று ரூபி கமெராவை அவருக்கு நேரே நட்டாள். முற்றத்தில் அசையாமல் இருந்த ஒரே பொருள் அவர்தான், தெளிவு பார்க்க அது வசதி. பொத்தானை அழுத்தினாள்.

நேரலை போடும் அந்தச் செயலி நல்ல விசுவாசமான வேலைக்காரன். போனமுறை என்ன தலைப்புச் சொன்னீர்களோ, அதையே இந்த முறையும் நீங்கள் சொல்லாமலே போட்டுவிடும். ரூபி அதைக் கவனிக்கவில்லை. தனக்கு மட்டும் தெரியும்படி மாற்றவும் மறந்துபோனாள். ஆகவே, 'இறுதிக் கிரியைகள்' என்ற தலைப்போடு, எரிகிற குத்துவிளக்குப் படத்தோடு, பின்னால் சோக நாதஸ்வரத்தோடு, வெள்ளைத் துவாயின் கீழ் குஞ்சித்தம்பி உலகம் முழுவதும் போனார். கமெரா கிட்டத்தில் நின்றபடியால் கால் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பெருவிரல்கள் கட்டப்படவில்லை என்று ஆராவது யோசித்திருப்பார்கள்.

சிக்னல் திறம் என்று கண்டதும் நிறுத்திவிட்டு, வயரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். அரிசி கொதிக்க முன் போன் கொதித்தது. ஆழ்ந்த இரங்கல். கடலோடி மாமாவுக்குக் கண்ணீர் வணக்கம். "நேற்றுத்தான் கதைத்தேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் குஞ்சித்தம்பியோடு கடைசியாகக் கதைத்தது ஒரு எல்லை வேலித் தகராற்றில், அது நடந்து அந்த வேலியே உக்கிப்போய்விட்டது. ரூபி பதறிப்போய் வீடியோவை அழித்தாள். அழித்ததும் இரண்டாவது வதந்தி பிறந்தது: செத்தவீட்டில் காணிப் பிரச்சினை, குடும்பத்தார் வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டார்களாம்.

அவள் திருத்தி எழுதினாள். அவர் உயிரோடு இருக்கிறார், அது பரீட்சார்த்தம் என்று. அதற்குக் கீழே ஒருவர், "ஓம், அவர் எங்கள் மனங்களில் என்றும் உயிரோடு இருப்பார்" என்று எழுதினார்.

நான் போன அன்று பின்னேரம் சனசமூக நிலையத்தில் குழு கூடியது. வெள்ளைச் சேர்ட்டை வீணாக்குவானேன் என்று நானும் போனேன். பிரகலாதன் நல்ல மனிதர், கெட்ட செய்தியைப் பூப்போலக் கொடுக்கத் தெரிந்தவர். சனம் பயப்படுகிறது, அந்தக் கமெரா பார்த்தால் ஆள் மிஞ்சாது என்று கதை கிளம்பிவிட்டது, நகரத்தில் கலியாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் கேட்போம், தங்கச்சி குறை நினைக்கக்கூடாது என்றார். ஜெயவதியும் வந்திருந்தாள். அவள் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூபி சரி அண்ணை என்றாள். குனிந்து, நிலத்தில் கிடந்த வயரைச் சுற்றத் தொடங்கினாள். முழங்கையில் இருந்து பெருவிரலுக்கு, பெருவிரலில் இருந்து முழங்கைக்கு. அந்தச் சுற்றலைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாமல் இருந்தது.

அப்போது பின்வாங்கில் இருந்து குஞ்சித்தம்பி எழும்பினார். அவரைக் கண்டு இரண்டு பேர் இன்னமும் திடுக்கிட்டார்கள்.

"என்னைச் சாக்காட்டினது அவள். உயிர்ப்பிக்கிறதும் அவள்தான் செய்யோணும்," என்றார். "வேற ஒருத்தன் வேற பக்கத்தில காட்டினா, பழைய வீடியோ எண்டு சொல்லுவாங்கள். கனடாவில என்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மண்டபம் பாக்கிறாங்களாம். நான் எந்த முகத்தோட கடலுக்குப் போறது? அவள் இல்லாட்டில் ஒன்றுகூடலுக்கு நானும் இல்லை. செத்த ஆளா வீட்டில இருந்திட்டுப் போறன்."

இதற்கு மறுமொழி கூட்டுறவுச் சட்டத்தில் இல்லை. பிரகலாதன் தலையைச் சொறிந்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தலைப்பைத் தானே எழுதித் தருவார். எழுதினார். 'உறவுகளின் உயிரோட்டமான உற்சாக ஒன்றுகூடல்.' உயிரோட்டம் என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அடுத்த நாட்களில் ரூபியின் படலை ஓயவில்லை. நேரலை நடக்கப்போவது நிச்சயம் என்றதும் ஊருக்கு வேறொரு யோசனை வந்தது: வெளிநாட்டில் இருப்பவர்கள் எங்களைப் பார்க்கப் போகிறார்கள். ஒவ்வொருவராக, தனித்தனியாக, கமெரா எந்தக் கோணத்தில் நிற்கும் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்க வந்தார்கள்.

முதலில் வந்தவர் தம்பையா. இடுப்பு போய்விட்டது, எழும்பி நடக்கவே ஏலாது என்று சுவிஸில் இருக்கும் மைத்துனருக்குச் சொல்லியிருந்தார். மாதாமாதம் தைலம் வருகிறது. ரூபியின் வீட்டுக்குச் சைக்கிளில் வந்துதான் இதைச் சொன்னார். இடுப்பு நோவு பொய்யில்லை, நடக்க ஏலாது என்பதுதான் கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்றார். பிறகு வள்ளிநாயகி வந்தாள். மகன் நோர்வேயில் இருந்து அனுப்பிய சங்கிலி இப்போது வங்கியில் அடகில் இருக்கிறது. மகனுக்கு அது அம்மாவின் கழுத்தில் இருக்கிறது. அவள் அதிகம் பேசவில்லை, சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக் காட்டி, இப்படிப் போட்டால் தெரியுமா பிள்ளை என்று மட்டும் கேட்டாள். கோயிலில் முன்னாளில் பொருளாளராக இருந்த இரண்டு பேர் வேறு வேறு நேரத்தில் வந்து, மற்றவரோடு ஒரே படத்தில் தான் இருக்க ஏலாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் பிரகலாதனே வந்தார். கமெராவை மேலே தூக்கவேண்டாம், வெயில் குத்தும் என்றார். சனசமூக நிலையத்துக் கூரைக்கு வெளிநாட்டு உறவுகள் உதவியிருந்தார்கள். தகரம் விலை ஏறியதில் பாதிக் கூரைதான் புதிது, மீதிப் பாதிக்கு அதே நிறத்தில் பெயின்ற் அடித்திருந்தார்கள். இதை அவர் சொல்லவில்லை. வெயில் என்றுதான் சொன்னார். ரூபியும் வெயில் என்றே ஏற்றுக்கொண்டாள்.

இதில் ஒன்றும் பெரிய பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். தூரத்தில் இருப்பவன் கவலைப்படக்கூடாது என்பதற்காகச் சொன்னது, அல்லது அவன் கவலைப்படாமல் இருந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொன்னது. கடலுக்கு மேலால் போகிற அன்புக்கு இந்த இரண்டு துடுப்புத்தான். நேரலை என்பது துடுப்பைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீரைக் காட்டுகிற வேலை.

ரூபி எல்லாருக்கும் ஒரே மறுமொழிதான் சொன்னாள். நீலக் கயிறு போடுவாள். விரும்பாதவர்கள் அந்தப் பக்கம் இருக்கலாம். இரண்டு பக்கமும் கதிரை உண்டு.

ஒன்றுகூடல் நாள் காலை மூதூரில் இருந்து ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற இக்ராம் தன் சாமான்களோடு வந்து இறங்கினான். ரவுட்டர் குஞ்சித்தம்பியின் முற்றத்தில், வயர் வேலிக்கு மேலால், கமெரா வேப்பமரத்தடியில். ரூபி புதுப் பையைக் கொண்டுவந்திருந்தாள். கயிற்றை இழுத்துப் போட்டாள். சனம் வரத் தொடங்கியது. நல்ல உடுப்பு, பவுடர், பூ. ஒவ்வொருவரும் கயிற்றடியில் நின்றார்கள், இந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் போனார்கள். ரகசியம் இருந்தவர்கள் அதற்காகப் போனார்கள். இல்லாதவர்கள், இருக்கிறவர்களை விட்டுவிட்டுத் தனியே இருக்கக் கூச்சப்பட்டுப் போனார்கள். நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்று கேட்காதீர்கள்.

நேரம் வந்தபோது கமெராவுக்கு முன்னால் வரிசை வரிசையாக வெறும் கதிரைகள். நடுவில், கழுவிய வேட்டி கட்டிக்கொண்டு, குஞ்சித்தம்பி ஒருவர். இக்ராம் ரூபியின் காதருகே குனிந்தான்.

"அக்கா, சனம் முழுக்க அந்தப் பக்கம். ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்புற?"

ரூபி போனில் நேரத்தைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். வேறு வழியில்லை, உலகம் காத்திருந்தது.

கருத்துக்கள் வரத் தொடங்கின. இக்ராம் போனைப் பார்த்து மைக்கில் வாசித்தான். ஆளில்லையோ. வேற ஆக்கள் எங்க. இது குஞ்சித்தம்பி மாமாவின்ர பழைய வீடியோதானே, நினைவுக்குப் போடுறியளோ. ஒருவர், உயிரோடு இருந்தால் கையைத் தூக்கச் சொல்லுங்கோ என்றார். குஞ்சித்தம்பி கையைத் தூக்கினார். நேரலை எங்கள் ஊரில் இருந்து வெளியே போக ஒரு மூச்சு எடுக்கும். அவர் கை நொந்து இறக்கிய பிறகுதான் கனடாவில் கை உயர்ந்தது. இறக்கிய கைக்குப் பாராட்டுக்கள் வந்தன. அடுத்தவர், அது எடிட் பண்ணினது என்றார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது. குஞ்சித்தம்பி சிரிக்கவில்லை. இடம் வலம் இருந்த வெறும் கதிரைகளைப் பார்த்தார். பிறகு கமெராவைத் தாண்டி, அதன் பின்னால் திரளாக இருந்த ஊரைப் பார்த்தார்.

"இது செத்தவீடுதானே," என்றார். "நான் ஒராள் நடுவில. நீங்கள் எல்லாரும் சுத்திவர நிண்டு பாக்கிறியள். அழுகிறதுதான் குறை."

உண்மைதான். ரூபி இத்தனை காலமும் காட்டிய படம் அதுதான். ஒருவர் நடுவில், ஊர் வெளியில். அவள் கமெராவின் பின்னால் நின்றாள். அவளுடைய பக்கத்தில் அவளுடைய முகம் ஒருநாளும் வந்ததில்லை. அவள் வந்து நின்ற இடமெல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான்.

ஸ்டாண்டின் திருகை இறுக்கிவிட்டு அவள் நடந்தாள். கயிற்றைக் காலால் தாண்டினாள். போய்க் குஞ்சித்தம்பிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள்.

இக்ராம் வாசித்தான்: "இதார்?"

குஞ்சித்தம்பி கமெராவுக்கு நேரே திரும்பினார்.

"இவள்தான் ரூபி. உங்கட கொப்பர் கொம்மாவைக் கடைசியா உங்களுக்குக் காட்டினவள். அவள் என்ன நிறமெண்டு கூட உங்களுக்குத் தெரியாது."

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வரத் தொடங்கியது. இக்ராம் இரண்டு மூன்றை வாசித்தான். எங்கட அம்மாவை நீங்கள்தான் காட்டினீங்கள். அப்பாவின்ர கையைக் கிட்டத்தில காட்டினீங்கள், அந்த மோதிரம் நான் குடுத்தது. எங்களுக்கு டிக்கெட் கிடைக்கேல்ல அக்கா, உங்களாலதான். அதற்குமேல் அவன் மைக்கை இறக்கிவிட்டு, போனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலில் எழும்பியது வள்ளிநாயகி. சேலைத் தலைப்பைக் கழுத்தில் இருந்து எடுத்துத் தோளில் போட்டாள். வெறுங்கழுத்தோடு கயிற்றைத் தாண்டிப் போய் ரூபியின் மற்றப் பக்கத்தில் இருந்தாள். அதன்பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம். தம்பையா மிடுக்காக எழும்பி இரண்டு எட்டு வைத்தவர், நடுவில் ஞாபகம் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மீதித் தூரத்தை இரண்டு பேர் தாங்கிப் போனார்கள். எல்லாரும் போனார்கள் என்று எழுதினால் பொய். முன்னாள் பொருளாளரில் ஒருவர் தாண்டினார், மற்றவர் தாண்டவில்லை. ஒரே படத்தில் இருக்கமாட்டோம் என்ற வாக்கை இருவரும் காப்பாற்றினார்கள். கூரையை ஒருவரும் காட்டவில்லை, வெயிலும் குத்தவில்லை.

பின்னேரம் வடையும் தேத்தண்ணியும் முடிந்து சனம் கலைகிறபோது, முழு நேரமும் அந்தப் பக்கமே இருந்த ஜெயவதி தங்கச்சியிடம் வந்தாள். மண்டபத்து வாடகை, மாப்பிள்ளை வீட்டாரின் பலகாரம், பூமாலை வாடாமல் இருக்க என்ன செய்வது, இப்படி எதையெதையோ கதைத்தாள். ரூபி ஓம் ஓம் என்று கேட்டாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"சாப்பாட்டுக்காரனுக்குக் கணக்குச் சொல்லோணும்," என்றாள். "கமெராக்காரருக்கு எத்தினை சாப்பாடு?"

ரூபி புதுப் பையின் வாரைத் தோளில் சரிசெய்தாள்.

"ஒண்டு காணும் அக்கா."

கயிற்றையும் கொண்டுபோவாயா என்று நான் பிறகு கேட்டேன். கலியாண வீட்டில்தான் அது கூட நீளமாய் வேணும் என்றாள்.

அன்று கடைசியாகப் போனவர் குஞ்சித்தம்பி. போகுமுன், நீலக் கயிற்றின் ஒரு தலைப்பைப் பிடித்து அவள் சுற்றுவதற்கு இழுவை கொடுத்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை, என்ர செத்தவீட்டை நீ ஒருக்கா எடுத்துப் போட்டாய். ஆனா நான் என்ர பங்கைச் செய்யேல்ல. அது உனக்கு நான் தரவேண்டிய கடன்."

"ஆறுதலாத் தாங்கோ மாமா," என்றாள் ரூபி. "நான் கேட்டு வரமாட்டன்."

அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. எஞ்சினை மூடிய பதாகையில் குத்துவிளக்குகள் வெயிலில் வெளிறிப்போய்விட்டன, அவருடைய முகம் மட்டும் கொஞ்சம் மிச்சம். நேற்று விடிய அந்தப் பக்கம் போனேன், இந்த முறை நீலச் சேர்ட்டில். கடன்பட்டவர் வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். கடன் கொடுத்தவள் பின்னால் நின்று தோள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.